பாதிச் சாவி

என் மகளின் கையைப் படம் எடுத்தது அவள் எங்களைப் பார்க்க வந்திருந்த ஒரு காலை நேரத்தில். எங்கள் வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தில். முழங்கைக்கு மேலே விரல் தடம் பதிந்திருந்தது. நீலமாக இருந்தது. அவள் கேட்கவில்லை. நான்தான் கையைத் திருப்பச் சொல்லி எடுத்தேன். எடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சாப்பாட்டு நேரத்தில் மருமகன் போன் செய்தான். எப்போதும் போல மரியாதையாகப் பேசினான். சாப்பிட்டாச்சா என்று கேட்டான். வெயில் எப்படி என்று கேட்டான். பிறகு சொன்னான்.

"மாமா, ஒங்க போன்ல எடம் பத்தல. தேவையில்லாத படத்தெல்லாம் நான் கிளீன் பண்ணிட்டேன்."

போனைத் திறந்து பார்த்தேன். படம் இல்லை. போன் காலையிலிருந்து என் சட்டைப் பையில்தான் இருந்தது. வேறு கை படவில்லை.

நான் மலேசியாவில் லாபு பக்கத்துத் தோட்டத்து ஆள். முதலில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தேன். மரத்தைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பிறகு பழக்குலை அறுத்துத் தள்ளினேன். முதுகு போனதும் நீலாயில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகாவாக உட்கார்ந்தேன். ஜாகா என்றால் காவல்காரன். நானும் என் மனைவியும் இன்னும் லயத்து வீட்டில்தான் இருக்கிறோம். மகளைக் கட்டிக் கொடுத்தது நீலாயில். அவளும் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். மருமகனுக்குப் போன் கடை. விற்பான், பழுது பார்ப்பான்.

வெளியே அவன் நல்லவன். குடிக்க மாட்டான். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடுவான். அவன் கைநீட்டுகிறான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மகளுக்கும் அது தெரியும். அவனை விட்டு வர அவளுக்கு ஆசை இருந்தது. சாட்சி இல்லாமல் வந்தால் அவன் பேச்சுத்தான் எடுபடும் என்ற பயமும் இருந்தது. அதனால்தான் அந்தப் படம்.

அது எப்படிப் போனது என்று வாசலில் உட்கார்ந்து யோசித்தேன். லாரி வந்தது, வாசல் கட்டையைத் தூக்கினேன், இறக்கினேன், யோசித்தேன்.

எங்கள் லயத்தில் எல்லாருக்கும் புதுப் போன் வந்த சமயம். போன் முதலில் ஈமெயில் கேட்கும். எங்களில் யாரிடம் ஈமெயில் இருந்தது? மருமகன் தன்னுடையதையே போட்டுக் கொடுத்தான். எனக்கு, என் மனைவிக்கு, மகளுக்கு, பக்கத்து வீடுகளுக்கு. காசு வாங்கவில்லை. எல்லாரும் அவனைப் புகழ்ந்தார்கள். இனிமேல் படம் எடுத்தால் தானாக மேலே ஏறிவிடும், போன் தொலைந்தாலும் படம் தொலையாது என்றான். மேலே என்றால் எங்கே என்று நான் கேட்டேன். அவன் விரலை வானத்துக்குக் காட்டினான். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தாழ்வாகப் போனது. எல்லாரும் சிரித்தார்கள்.

மேலே என்பது அவன் கை. அன்று மத்தியானம்தான் புரிந்தது. எத்தனை வீட்டுப் படம் அங்கே கிடக்கிறதோ.

அவனிடம் சண்டைக்குப் போகவில்லை. சரி மாப்ளே, நல்லதுதான் என்று சொல்லி வைத்திருந்தேன். எனக்குப் புரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரியக் கூடாது.

மகளின் தொழிற்சாலை பஸ் என் வாசலைத் தாண்டித்தான் போகும். மறுநாள் அவளை அங்கே இறங்கச் சொன்னேன். நேரில் சொன்னேன், போனில் இல்லை. வந்ததும் இரண்டு போனையும் ஜாகா அறை மேசை டிராயரில் போட்டேன். மேலே காற்றாடியைச் சத்தமாக ஓட விட்டேன். வெளியே வந்து செம்பனை மரத்தடியில் நின்று பேசினோம். போன் கேட்குமோ கேட்காதோ, எனக்குத் தெரியாது. தெரியாததை நம்ப மாட்டேன்.

அப்போதுதான் அவள் இன்னொன்று சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளே வாங்கிய பழைய போன் ஒன்று இருந்தது. மருமகன் கை படாதது. ரொம்ப நாளாக அதில்தான் படம் எடுத்திருக்கிறாள். அவன் கத்துவதையும் பதிந்திருக்கிறாள். அந்தப் போனை அவன் சுவரில் அடித்து உடைத்துவிட்டான். உள்ளே இருந்த மெமரி கார்டு பிழைத்தது. நகம் அளவு. அதை ஒட்டுப் பொட்டு அட்டைக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தாள்.

"வீடு கிளீன் பண்றேன்னு எல்லாத்தையும் கொட்டுறாம்ப்பா. அரிசி டின்னக்கூட கவுத்துட்டான். பொட்டு அட்டைய மட்டும் தொடல."

ஒன்றே ஒன்று. அது போனால் எல்லாம் போனது.

யாரிடம் போவது? நீலாயில் போன் கடைக்காரன் எல்லாரும் மருமகனோடு தேநீர் குடிக்கிறவன். என் மனைவியிடம் சொல்ல முடியாது. அவளுக்கு மருமகன் என்றால் உயிர். போனில் எழுத்து சின்னதாகத் தெரிந்தால்கூட மாப்ளகிட்ட கேளுங்க என்பாள். வாயும் நிற்காது. கெட்டவள் இல்லை.

ரயில் ஏறிச் சிரம்பானுக்குப் போனேன். மகள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். அங்கே லோபாக்கில் கடைவீட்டு மாடியில் ஒரு வக்கீல் அலுவலகம். வழக்கறிஞர் ஒரு பெண். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேச்சிலேயே தெரிந்தது. எங்கள் தோட்டத்தில் என் அப்பா காலத்தில் கணக்கெழுதிய கிராணியும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். என் அப்பாவின் பேரை அவர் தம் இஷ்டத்துக்கு எழுதினார். அப்பா கடைசிவரை ஐசி என்ற அடையாள அட்டையில் வேறு ஆளாக இருந்தார். இந்த அம்மா அவர் பேத்தியோ என்னவோ என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். கேட்கவில்லை.

முதலில் ஆஸ்பத்திரி, பிறகு போலீஸ் ரிப்போர்ட் என்றார் வழக்கறிஞர். மகள் தலை குனிந்தாள். இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்றாள். கை நீலம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வழக்கறிஞர் வற்புறுத்தவில்லை. அவரிடம் இருந்த ஒரு கேமராவில் கையைப் படம் எடுத்தார். கார்டு எந்த நாளும் கெட்டுப்போகலாம், உடனே வேறு இடத்தில் போட்டு வைக்க வேண்டும் என்றார். ஒரு பிரதி தம்மிடமே இருக்கட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். கேஸ் போடும்போது தருகிறேன் என்றேன். அவர் முகம் மாறவில்லை. சரி அங்கிள் என்றார்.

முதலில் கீழே சீனர் கடையில் பழைய போன் ஒன்று வாங்கினோம். புது நம்பர் போட்டோம். எங்கள் பழைய போன் இரண்டையும் அன்று வீட்டிலேயே விட்டிருந்தோம். பிறகு எங்கே போட்டு வைப்பது என்ற பேச்சு.

எல்லாரும் வைத்திருக்கும் இலவசக் கணக்கு ஒன்றை வழக்கறிஞர் காட்டினார். கடவுச்சொல் மறந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். போனுக்கு ஒரு எண் அனுப்புவார்கள், அதைப் போட்டால் திறக்கும் என்றார். அப்படியானால் போன் யார் கையில் இருக்கிறதோ அவனுக்கும் திறக்கும். வேண்டாம் என்றேன்.

நீலாயிலேயே ஒரு சின்னக் கம்பெனி இருக்கிறது, நம் ஆள்தான் நடத்துகிறார், நேரில் போய்ப் பேசலாம் என்றார். நம் ஆள் என்றால் இன்னும் வேண்டாம். நம் ஆளுக்கு மருமகனைத் தெரியும். தெரியாவிட்டால் மருமகனின் அண்ணனைத் தெரியும். ஒரு கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. வெளிநாட்டுக் கம்பெனி. மாதா மாதம் கட்ட வேண்டும். நாம் போடுவதை நம் போனிலேயே பூட்டித்தான் அங்கே அனுப்புமாம். பூட்டிய பெட்டிதான் அவர்களிடம் இருக்கும், சாவி இருக்காது என்றார் வழக்கறிஞர். நாம் சாவியைத் தொலைத்தால் அவர்களாலும் திறக்க முடியாது. அதோடு போச்சு.

"சாவி அவங்ககிட்ட இல்லன்னு யாரு சொல்றா?" என்று கேட்டேன்.

"அவங்கதான் சொல்றாங்க."

"அப்ப எப்படி நம்புறது?"

"வெளியாள வெச்சுச் சோதிச்சுப் பாத்திருக்காங்க அங்கிள். அந்த அறிக்கைய எல்லாரும் படிக்கலாம்."

"அந்த வெளியாளுக்குச் சம்பளம் யாரு கொடுக்குறா?"

வழக்கறிஞர் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"அவங்கதான்" என்றார்.

மகள் என் முழங்கையை இடித்தாள். "அப்பா, நீ எதத்தான் நம்புவ?"

யோசித்தேன். அந்தக் கம்பெனிக்காரன் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். பார்த்தால் என்ன தெரியும்? யாரோ ஒரு பெண்ணின் கை. புரியாத மொழியில் ஒருவன் கத்துகிறான். அவனுக்கு என் மருமகனைத் தெரியாது. எங்கள் கோயிலைத் தெரியாது. நல்லவன் என்பதற்காக இல்லை, தூரத்தில் இருக்கிறான் என்பதற்காக அவனைத் தேர்ந்தெடுத்தேன்.

கடவுச்சொல் கேட்டது. மகள் யோசிக்காமல் என் மோட்டார் சைக்கிள் நம்பரை அடித்தாள். கையைப் பிடித்தேன். எங்கள் பக்கம் எல்லாருக்கும் அதுதான் பழக்கம். வண்டி நம்பரில்தான் லாட்டரி நம்பர் எடுப்போம், அதையேதான் போனுக்கும் பூட்டாகப் போடுவோம். மருமகன் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பான். அவளும் கையை எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கம்பெனியே ஒரு வரிசை தந்தது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஆங்கிலச் சொற்கள். இந்த வரிசைதான் சாவி, ஒரு சொல் இடம் மாறினாலும் திறக்காது. எழுதிப் பத்திரமாக வையுங்கள் என்றார் வழக்கறிஞர். எழுத மாட்டேன் என்றேன். எழுதினால் காகிதம். காகிதத்தை அவன் கண்டுபிடிப்பான். மனப்பாடம் செய்கிறோம், முதல் பாதி எனக்கு, மறுபாதி மகளுக்கு என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் முழுசும் தெரிஞ்சா என்னா?"

"வேண்டாம்."

"என்னையும் நம்பலையா?"

"ஒன்ன இல்ல பாப்பா. அவன் அழுவான். அழுதா நீ கேப்ப. கேட்டா எல்லாத்தையும் அழிச்சிருவ."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழக்கறிஞர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து வைத்தார், எடுத்து வைத்தார். பிறகு மகள் தன் பாதியைப் படிக்க ஆரம்பித்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். என் முறை வந்தபோது அவள் வெளியே போய் நின்றாள்.

கார்டில் இருந்தது எல்லாம் ஏறியது. புதுப் போனை நான் வைத்துக்கொண்டேன். கார்டு பழையபடி பொட்டு அட்டைக்குப் பின்னால் போனது.

இப்போது அந்த வரிசை செல்லாது. அதனால் சொல்லலாம். லேடர், டிரம்பெட், பீனட் என்று தொடங்கும். எனக்குத் தமிழ்ப் பள்ளிப் படிப்புதான், அதுவும் முழுசாக இல்லை. ஆனால் பெரட்டு மறக்கவில்லை. பெரட்டு என்றால் விடியலில் வேலைக்குப் போகுமுன் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. வேலை வாங்கும் தண்டல் கூப்பிட்ட வரிசை, யார் பக்கத்தில் யார் நின்றார்கள், எல்லாம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு ஆளிடமும் ஒரு சொல்லைக் கொடுத்தேன். முதலில் நின்ற குட்டை ஆளுக்கு லேடர். காது கேட்காதவருக்கு டிரம்பெட். பல் இல்லாதவருக்கு பீனட். இப்படியே கடைசி ஆள்வரை. அதில் பாதிப்பேர் செத்துவிட்டார்கள். வரிசை கலையவில்லை.

குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். மோட்டாரில் போகும்போது சொல்லிப் பார்ப்பேன். அங்கேதான் தப்பு நடந்தது. என் மனைவி கேட்டுவிட்டாள். என்ன அது என்றாள். வேலையில் பரீட்சை வைக்கிறார்கள், இங்கிலீஷ் படிக்கிறேன் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை மருமகனிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். மாமாவுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள், பீனட்டு லேடரு என்று பாடிக்கொண்டே குளிக்கிறார் என்று. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

போன் கடைக்காரனுக்கு அது போதும். இப்படிச் சம்பந்தமில்லாத சொல்லை எவன் எதற்குப் படிப்பான் என்று அவனுக்குத் தெரியும்.

நான் பகல் வேலையில் இருந்தேன். மகள் போன் செய்தாள். வேலையில் இருக்க வேண்டிய நேரம் அது. பின்னால் இயந்திரச் சத்தம் இல்லை.

"அப்பா, ஒங்க பாதியச் சொல்லுங்க. எனக்கு அதத் தெறக்கணும்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அழவில்லை.

என் மகள் என்னை நீ என்றுதான் சொல்வாள். சின்னதிலிருந்து அப்படித்தான். தோட்டத்தில் பிள்ளைகள் அப்பனை நீ வா போ என்றுதான் பேசும். அதில் மரியாதைக் குறைச்சல் ஒன்றும் இல்லை. மருமகன் வீடு டவுன் வீடு. அப்பாவை நீ என்று சொல்வது தோட்டத்துப் பழக்கம், கேட்க அசிங்கம் என்று அவன் சொல்லியிருக்கிறான். அவன் எதிரே இருந்தால் மட்டும் அவள் வாயில் நீங்க வரும்.

அவன் பக்கத்தில் இருக்கிறான். கார்டு அவன் கைக்குப் போயிருக்கும். இனி அந்தப் பெட்டி ஒன்றுதான் பாக்கி.

சொல்ல மாட்டேன் என்றால் அவளுக்கு அடி விழும். பொய்ச் சொல் சொல்லலாம் என்றால் எனக்கு வேறு ஆங்கிலச் சொல் சட்டென்று வரவில்லை. தெரிந்தால்தானே வர. அதனால் பெரட்டு வரிசையைக் கலைத்தேன். பல் இல்லாதவரை முன்னால் நிறுத்தினேன். குட்டை ஆளை நடுவில் சொருகினேன். காது கேட்காதவரைக் கடைசிக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொன்னேன். எழுதிக்கோ, நிதானமா எழுதிக்கோ என்றேன். அவளும் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். நடுவில் அவன் மூச்சு விடுவது கேட்டது. பீனட்டும் வந்தது, லேடரும் வந்தது. அவன் கேட்டிருந்த இரண்டு சொல்லும் வந்ததால் நம்பியிருக்கிறான்.

"சரிங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முதல் தடவை திறக்காது. தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைப்பான். பிறகு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பான். அந்த நேரம்தான் எனக்கு இருந்த நேரம். கூட இருந்த நேப்பாளத்து ஜாகாவிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தேன். புதுப் போனில் வழக்கறிஞருக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நேராக போலீஸ் ஸ்டேஷன் போங்கள், நான் அவர்களோடு பேசுகிறேன் என்றார். மோட்டாரை எடுத்தேன்.

ஸ்டேஷனில் ஒரு மலாய்க்காரப் பெண் போலீஸ் இருந்தார். என் மலாய் தோட்டத்து மலாய். புரியுமோ என்று நினைத்தேன். புரிந்துகொண்டார். வண்டியில் ஏறச் சொன்னார்.

மருமகன் கதவைத் திறந்தான். சிரித்தான். என்ன மாமா போலீசோடு வந்திருக்கிறீர்கள், குடும்ப விஷயம் லா என்றான். பெண் போலீஸ் அவனைத் தாண்டி உள்ளே பார்த்தார். மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் அவன் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. பொட்டு அட்டை கிழிந்து தரையில் கிடந்தது. அவள் எழுந்து வந்தாள். செருப்பைப் போட்டாள். எங்கள் யாரையும் பார்க்காமல் வண்டியில் ஏறினாள்.

அன்றே ஆஸ்பத்திரி. அன்றே ரிப்போர்ட். இந்த முறை அவள் இன்னும் கொஞ்ச நாள் என்று சொல்லவில்லை.

மறுநாள் வழக்கறிஞர் மேசையில் பெட்டியைத் திறந்தோம். என் பாதியை நான் சொன்னேன். அவள் பாதியை அவள் சொன்னாள். திறந்தது. எல்லாம் இருந்தது. வழக்கறிஞர் தமக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

அவன் கேட்டபோது உன் பாதியைச் சொல்லிவிட்டாயா என்று மகளைக் கேட்டேன்.

"சொன்னேன். நானும் மாத்தித்தான் சொன்னேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

என் பாதிச் சொற்களை அவன் கேட்டுவிட்டதால் பழைய சாவி ஆகாது என்றார் வழக்கறிஞர். கம்பெனி புது வரிசை தந்தது. திரையை மகள் பக்கம் திருப்பி, பழையபடி இரண்டாகப் பிரிக்கலாமா என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பிரிக்கத்தான் மனம். அவன் இன்னும் அழவில்லை. இனிமேல்தான் அழுவான். அவன் அம்மா வருவாள், கோயில்காரர்கள் வருவார்கள். என் மனைவியே தொடங்கிவிட்டாள், ஒரு தடவை பேசிப் பார்க்கலாமே என்று.

நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றேன்.

உள்ளே அவள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பது கேட்டது. மாடிப்படி இறங்கிக் கீழே போய்விட்டேன். என்ன சொற்கள் என்று எனக்குத் தெரியாது. எதை வைத்து ஞாபகம் வைத்திருக்கிறாள் என்றும் தெரியாது. எழுதி வைத்திருக்கிறாளோ என்று சந்தேகம்.

கேஸ் நடக்கிறது. அவள் எங்களோடு லயத்தில்தான் இருக்கிறாள். இங்கிருந்தே வேலைக்குப் போகிறாள். போன வாரம் அவன் அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். மகன் சாப்பிடுவதில்லை என்றாள். மகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். வெளியே வரவில்லை.

நாளைக்கு அவனே வந்து அழுதால் என்ன செய்வாள், எனக்குத் தெரியாது. சாவி முழுசும் அவளிடம் இருக்கிறது.